கோடையில் பார்த்த நிலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாரா?

வேன்களிலேயே வாழ்ந்து ஊர் ஊராகத் திரியும் எங்கள் கூட்டம் ஒன்றாகக் குடியிருக்க மலிவாக நிலம் தேடியதே, அது கிடைத்துவிட்டது. கோடையில் சுற்றிலும் காய்ந்து கிடக்க, அந்த இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பாவின் விவசாயத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டதால் இங்கே எனக்கு 'விவசாயி' என்று பட்டப்பெயர். வயலில் கால் வைக்காத நான் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து, "நல்ல மண்ணு, வாங்கிடலாம்" என்றேன்.

போன வாரம் மழை பெய்தது. வேன்களெல்லாம் சேற்றில் புதைந்துவிட்டன. பக்கத்து நிலத்துக்கார அம்மா, "இது மழைத்தண்ணி போற வழியாச்சே! அதான் யாரும் வாங்கல" என்று சிரித்தார். பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை.

தண்ணீர் தேங்கும் நிலத்தை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டு எழுது. நண்பனுக்காக என்று சொல். நான் மண்ணை முகர்ந்ததை மட்டும் சொல்லாதே. அவருடைய பழைய கம்பளிச் சட்டை இருந்தால் அனுப்பு.

யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. இதோ, வேன் தள்ளக் கூப்பிடுகிறார்கள், இன்னும் அதே பட்டப்பெயரைச் சொல்லித்தான்.

உன் மகன்