சின்னத்துரை ஊற்றிய ஆயில்

மேரி,

நீ மார்க்கெட்டிலிருந்து வருமுன் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவேன். உன் தம்பி சின்னத்துரை கார் கேட்டு வந்தால் மோரிஸ் வண்டி இன்று ஓடாது என்று சொல். சாவி ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் எஞ்சினிலிருந்து ரோட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

"பிரேக் ஆயில் கொறைஞ்சு கெடந்துச்சு அத்தான், நானே ஊத்திட்டேன்" என்று நேற்றுப் பெருமையாகச் சொன்னான். இன்று காலையில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். அவன் ஊற்றியது எஞ்சின் ஆயில். அது பிரேக்குக்குள் இருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். இப்போது மிதித்தால் நன்றாகவே பிடிக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அய்யனார் கோவில் அருவிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும் இறக்கத்தில் மிதித்தால் பிடிக்காமல் போகலாம்.

நேற்றுச் சாயங்காலம் நம் குட்டி ஜெசிந்தாவை முன் சீட்டில் உட்காரவைத்துத் தளவாய்புரம் வரை ஓட்டினேன். அந்த ஆயிலோடுதான் போய்வந்திருக்கிறோம்.

புது ரப்பர் வாங்கி இருட்டுமுன் வந்துவிடுவேன். சோறு வடித்திருக்கிறேன், குழம்பைச் சுடவை. நான் மில் நைட் ஷிப்டை விட்டது பற்றி வந்து பேசுவோம்.

சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்லை யாரும் எடுக்க வேண்டாம்.

ஆயில் விஷயத்தை அவனிடம் சொல்லாதே. "எல்லாம் எண்ணெதானக்கா" என்று சொல்லி வேறு ரோட்டர் தேடிப் போவான். உன் புருஷன் கஞ்சன், கார் தர மனசில்லை என்று சொல். நேற்று ராத்திரிச் சண்டையில் என் முகத்துக்கு நேரே சொன்ன அதே குரலில் சொல். நம்புவான்.