இந்த வயதில் எதற்குக் கம்பெனி?

குழித்துறை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அஸ்வதிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரதீஷும் குட்டி ஆதர்ஷும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெருமுனைப் பெயர்ப்பலகையை நம் வாசலில் நின்றே வாசிக்கிறேன். பக்கத்து வீட்டு ஜெபிஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் மஸ்கட்டுக்கே திரும்புகிறான். ஏத்தன் வாழைக்காய் வற்றல் இரண்டு பொட்டலமும் கொஞ்சம் கருப்பட்டியும் இந்தக் கடிதமும் அவன் பெட்டியில் வரும். ஒரு பொட்டலம் மட்டும் வந்து சேர்ந்தால் அவனைத் திட்டாதே. வழிப்பசி.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். இரண்டு ஞாயிறுக்கு முன் பேசிய பேச்சு பாதியில் நின்றது. நீ வைத்துவிட்டாய். எழுதினால் நடுவில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

"மாமாவுக்கு இப்ப நல்ல கம்பெனி இருக்கு, கேட்டியா" என்று சிவபிரசாத் உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அத்தை மகன் என்ற உரிமையில் அவன் சிரிப்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நீ என்னிடம், "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குப்பா கம்பெனி? நாலு ஆளுவ பாத்துச் சிரிக்கவா?" என்று கேட்டாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவன் சொன்ன அந்தக் கம்பெனி, ஓமனா, அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

வார்த்தையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனையோ காரியம் நடக்கிறது. காலையில் பெண்கள் தூக்குப்பாத்திரத்தோடு போனால் கம்பெனிக்குப் போகிறார்கள் என்போம். முந்திரி ஆலை என்று யாரும் விளக்குவதில்லை. உன்னைப் பெண் கேட்டு வந்தபோது உன் பெரிய மாமா, மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்டாரா? "கம்பெனி விசாவா, ஃப்ரீ விசாவா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வாரம் குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இது கம்பெனி சாதனமாக்கும், மத்தது ரெண்டு மாசம் தாங்காது" என்றார். உன் சித்தப்பா ஒருமுறை, "நீரு குடிக்காண்டாம் அண்ணே, சும்மா ஒரு கம்பெனிக்கு இரியும்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தான். வறுத்த மீன் முழுவதையும் நான் தின்றுவிட்டேன் என்று மறுநாள் ஊரெல்லாம் சொன்னதும் அவன்தான்.

நான் கோர்ட் செய்திகள் எழுதிவந்த காலம். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு சாட்சி, "அவனும் நானும் பண்டே கம்பெனியாக்கும்" என்றார். என்ன தொழில் செய்கிற கம்பெனி என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "தொழிலொண்ணும் இல்ல ஐயா. அந்திக்கு ஒண்ணா இருந்து சாயா குடிப்போம். ஒருத்தன் வரல்லேன்னா மத்தவன் தேடிப் போவான்" என்றார் சாட்சி. கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துப் பெட்டிச் செய்தியாக எழுதி அனுப்பினேன். இன்றைக்கு யோசித்தால், அவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஓமனாவும் நானும் அந்த வகைக் கம்பெனி.

ஆபரேஷன் அன்று, கூட ஒரு ஆள் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வருகிறேன் என்ற சிவபிரசாத் ரப்பர் லோடு விஷயமாகக் குலசேகரத்தில் மாட்டிக்கொண்டான். தன் அக்காளின் கண்ணைக் காட்ட வந்திருந்த ஓமனா, "கம்பெனிக்கு ஆளு வேணும்னா நான் இரிக்கேன் சாரே" என்றார். அதுவரை பஸ் நிறுத்தத்தில் பார்த்த பழக்கம் மட்டும்தான். முந்திரி ஆலையில் தோல் உரிக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர், கணவர் இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை என்பதெல்லாம் அன்று திரும்பும்போது ஆட்டோவில் தெரிந்துகொண்டதுதான். வீட்டில் விட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வேலை முடிந்து போகிற வழியில் கண்ணில் சொட்டு மருந்து விட வந்தார். மருந்து தீர்ந்த பிறகும் வந்தார்.

வந்தால் என்ன செய்வோம் என்று நீ கேட்கலாம். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பால் விடாத கட்டன் சாயா குடிப்போம். நான் பேப்பர் வாசிப்பேன். "போலீசார் விசாரித்து வருகின்றனர்" என்று முடித்ததும் அவர், "பொறவு என்ன ஆச்சு சாரே? அந்தப் பெண்ணு பிள்ளையளக் கொண்டு எங்க போனா?" என்று கேட்பார். அது பேப்பரில் இருக்காது என்று சொன்னால், "பின்ன என்ன எழவுக்கு எழுதுதீங்க?" என்பார். இத்தனை வருடம் செய்தி எழுதியதில் எந்த எடிட்டரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் டி.வி.யில் செய்தி வாசிப்பவர்களின் தப்பைத் திருத்துவது மட்டுமே என் பேச்சாக இருந்தது.

அம்மாவின் இடம் என்ன ஆகும் என்று உனக்கு மனம் வலிக்கிறது. தெரியும். ஓமனா வந்த முதல் வாரமே அம்மாவின் படத்தைப் பார்த்து, எப்படிப் பேசுவார், யாரைத் திட்டுவார் என்றெல்லாம் கேட்டார். அதனால் நானும் அம்மாவைப் பற்றி வாய்விட்டுப் பேசினேன். உன்னிடம்கூட அப்படிப் பேசியதில்லை. பேசினால் நாம் இருவருமே அழுவோம்.

உன் மாமியார் காதுக்குப் போனால் என்ன சொல்வாரோ என்ற பயமும் உனக்கு இருக்கும். அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேச்சு வரத்தான் செய்யும். என்னால் உனக்கு அந்தச் சங்கடம் வருவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் விஷயத்தைச் சொல்லத்தான் இருவரும் காத்திருந்தோம். பதிவுத் திருமணம் செய்துகொண்டு இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைத்திருந்தோம். பேச்சு நல்லபடியாகப் போனால் வீடியோவில் முகம் காட்டலாம் என்று அவர் பச்சைக்கரைப் புடவை உடுத்தி வந்திருந்தார். ஆதர்ஷ் பார்ப்பானே என்று விரல்களில் இருந்த முந்திரிக் கறையை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நீ போனை வைத்ததும் எழுந்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மகளு சொன்னது சரியாக்கும் சாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ஒருநாள் வேலை விடும் நேரம் பார்த்து ஆலை வாசலில் போய் நின்றேன். அவரோடு வேலை செய்யும் ஜெபகனி என்னைப் பார்த்ததும், "என்ன சாரே, எங்க கம்பெனியில வேலைக்குச் சேரப் போறியளா? முந்திரி எண்ணெ பட்டா கை பொள்ளும் கேட்டியளா!" என்று கத்த, வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஓமனா சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "வெயிலு கொள்ளாம வீட்டுக்குப் போங்க. மகளு மனசறிஞ்சு ஒரு வார்த்தை சொல்லாம நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மருந்து வேளை சொல்வதுபோல் சொன்னார்.

எனக்கு உன் சம்மதம் வேண்டும் மகளே. அதை மறைக்கவில்லை. நீ யோசித்துச் சொல், அவசரமில்லை. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். ஓமனாவின் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரை ஒருமுறை கூப்பிடு. கல்யாணப் பேச்சு எடுக்க வேண்டாம். அன்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவர் அழுதுவிடுவார். ஆதர்ஷ் சோறு தின்ன மாட்டேன் என்று அடம் பிடிக்கிறானே, அதற்கு என்ன செய்யலாம் என்று கேள். அக்காள் பிள்ளைகள் நாலு பேருக்கு ஊட்டி வளர்த்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், நீதான் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஆதர்ஷுக்கு முத்தம். உங்கள் வீட்டில் எந்நாளும் நல்ல பேச்சு குறையாமல் இருக்கட்டும்.

வெளிநாட்டு எண் என்றால் அவர் எடுக்கத் தயங்குவார். முதல் தடவை எடுக்காவிட்டால் விட்டுவிடாதே அம்மா. இன்னொரு தடவை கூப்பிடு.

உன் அப்பா,
கிருஷ்ணமணி.