சுண்ணாம்பு அடித்த லயத்துக்குள் தண்ணீர் வரவில்லையாம்

கல்லோடைத் தோட்டம்,
கீழ்ப்பிரிவு, ஆற்று லயம்.
மாசி மாதம், ஞாயிறு.

என் மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஜோர்தானில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய்வர மாரியம்மன் கூடவே இருக்கட்டும். சுகம் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு ஓர் அநியாயம் செய்துவிட்டார்கள் மகளே. கார்த்திகைப் புயல் மழையில் நம்முடைய லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற பன்னிரண்டு வீட்டுக் காம்பராவிலும் என் நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதே, அந்த லயத்தை அரசாங்கக் காகிதத்தில் "வெள்ளநீர் உட்புகாத குடியிருப்பு" என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். போனில் பாதிதான் சொன்னேன். போனில் சொன்னால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அதற்குள் டேட்டா முடிந்துவிடுகிறது. அதனால் முழுவதையும் எழுதி, லீவு முடிந்து உங்கள் பெக்டரிக்குத் திரும்பி வருகிற கிருஷாந்தியிடம் கொடுத்து விடுகிறேன். இதோடு ஒரு மனுவும் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இதைப் படி.

ஆற்றோரத்து ஊர்களுக்கென்று அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியிருக்கிறது. ஊர்ச்சனம் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், ஆற்றில் சேர்ந்து கிடக்கிற மண்ணை அள்ளவும், கரை கட்டவும், தண்ணீர் ஏறும்போது சத்தம் போடுகிற சைரன் வைக்கவும், தண்ணீர் பாய்கிற வழியில் இருக்கிற வீடுகளை மேட்டு நிலத்துக்கு மாற்றவும் அதில் இருந்து கொடுப்பார்களாம். வீடு மூழ்கின பிறகு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து போட்டோ பிடிப்பதை விட மூழ்காமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று எவனோ ஒரு புத்தியுள்ளவன் யோசித்திருக்கிறான், அவனை நான் குறை சொல்லவில்லை, அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் முதல் பட்டியலில் வர வேண்டும் என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாக அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் வரைபடத்தில் நம் இடத்துக்குச் சிவப்பு போடுவார்கள். சிவப்பு போட்டால்தான் மேல்மலையில் பழைய தேயிலை பிடுங்கிப் போட்ட அந்தத் தரையில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும். இவ்வளவுதான் விஷயம். வியாழக்கிழமை அதிகாரி வருகிறார் என்று நம் தோட்டத் தலைவர் அழகன் தை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்துச் சொன்னான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ தலையில் அடித்துக்கொள்வாய், அடித்துக்கொள், நானும் அடித்துக்கொண்டேன். பெரிய ஆட்கள் லயம் பார்க்க வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? தோட்டத்துத் துரை வருகிறார் என்றாலே முதல் நாள் வாசல் கூட்டி, சாக்கடைக் கான் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கிழிந்த பாயைக்கூட ஒளித்து வைத்துத்தானே பழக்கம். அழுக்கு லயம் என்று துரை வாயால் ஒரு சொல் வந்துவிட்டால் எங்கள் காலத்தில் அந்த வீட்டுக்காரிக்கு அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் நான் எல்லோரையும் கூப்பிட்டு, சேறும் சகதியுமாகக் கிடக்கிற லயத்தை அரசாங்க ஆளுக்குக் காட்டினால் நமக்கு மரியாதை இல்லை, கழுவி வெள்ளையடிப்போம் என்று சொன்னேன். ஆமாம், சொன்னது நான்தான். கடைக்கார மக்பூல் நானாவிடம் சுண்ணாம்பு வாங்கியதும் நான்தான், ஸ்டூல் மேல் ஏறி நம் முன்வாசல் இஸ்தோப்புச் சுவருக்கு அடித்ததும் நான்தான். புதன்கிழமை பொழுது சாயும்போது பன்னிரண்டு காம்பராவும் பால் மாதிரி இருந்தன, உன் அப்பாகூட, கல்யாண வீடு மாதிரி இருக்கு புள்ள என்றார்.

வியாழக்கிழமை அந்த இளவயது அதிகாரி வந்தார், சப்பாத்தில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாண்டி வந்தார். சிங்களத்தில்தான் கேட்டார், எனக்குத்தான் அது வருமே, தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்றார். நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன், பக்கத்து வீட்டு ஜீவராணி கழுத்தில் வைத்துக் காட்டினாள், அப்பா இடுப்புக்கு மேலே காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே, யாருடைய உடம்பை நான் அளவாக எழுதுவது அம்மா, சுவரில் கோடு எங்கே என்றார். சுவரில் கோடு எங்கே இருக்கும், நான்தான் அழித்துவிட்டேனே. உனக்கு அனுப்பின அந்தப் போட்டோவையும் ஜீவராணி போனில் காட்டினாள், தண்ணீர் வடிந்த மறுநாள் பின்னால் சுவரில் கோடு தெரிய அப்பா வாசலில் நிற்கிற படம். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லயம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, இது இந்த லயம்தான் என்று எப்படித் தெரியும், நம்பர் இல்லையே என்றார். நூற்றைம்பது வருஷமாக நமக்கு வீட்டு நம்பர் கொடுக்காதவர்கள் இன்றைக்கு நம்பர் எங்கே என்று நம்மிடம் கேட்கிறார்கள்! கால் மணி நேரம்கூட நிற்கவில்லை மகளே. கதவுகளின் அடிப்பலகை ஊறிப் பிளந்து ஒன்றும் மூட முடியாமல் கிடக்கிறதைக் குனிந்து பார்க்கவில்லை. பிளக் ஓட்டைக்குள் சேறு காய்ந்திருக்கிறதைப் பார்க்கவில்லை. வெள்ளம் வந்த ஊரில் ஒரு லயம் மட்டும் ஏன் ஈரச் சுண்ணாம்போடு இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாதவருக்கு எதற்கு அந்த பைல்? பிழை எனக்கும் இருக்கிறது, நான் மறைக்க மாட்டேன். ஆனால் நான் சுண்ணாம்பைத்தான் அடித்தேன், பொய்யை எழுதியது அவர் கை.

அதோடு விட்டிருந்தால்கூட அடுத்த வருஷப் பட்டியல் என்று மனதைத் தேற்றியிருப்பேன். போன வாரம் அக்கரையில் பெரிய மெஷின் வந்து இறங்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற பங்களா இருக்கிறதே, அதன் பூந்தோட்டத்துக்கு முன்னால் கம்பிவலைக்குள் கல் அடுக்கி ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்புகிறது. மூன்று மொழியிலும் போர்டு வைத்திருக்கிறார்கள், சமூக வெள்ளப் பாதுகாப்பு நிதியாம். எந்தச் சமூகம் என்று போய்ப் பார்த்தேன், ஒரு சமையல்காரனும் இரண்டு நாயும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் சுவர் ஏறினால் தண்ணீர் எங்கே போகும்? ஆறு என்ன திரும்பி மலைக்கா ஏறப் போகிறது? நம் லயத்துக்குத்தான் வரும். போன தடவை நெஞ்சு மட்டம், இனிக் கூரை. நம் லயத்தில் நடக்க முடியாதவர்கள் மூன்று பேர், கைக்குழந்தைகள் நான்கு. இதைச் சொன்னால் அழகன், அக்கா நீங்க சும்மா இருங்க, இப்பப் போய்ச் சத்தம் போட்டா வர்ற உலருணவுப் பையும் வராது என்கிறான். அந்தப் பையை வாங்க ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று. லயத்தில் ஒன்பது வீடு போட்டுவிட்டது, நான் போடவில்லை. உன் அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார், மூன்றாம் நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டு முணுமுணுப்பை விட்டுவிட்டார்.

பிரதேச செயலகத்துக்கு நான்கு தடவை போனேன் மகளே. முதல் தடவை அந்த அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள், இரண்டாம் தடவை தமிழில் படிவம் இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை விடிய முதல் பஸ்ஸில் போய் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன், மத்தியானம் அந்த நிதியின் தமிழ்ச் சுற்றறிக்கை எங்கிருந்தோ வந்துவிட்டது. இருபத்தொரு பக்கம். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை செய்தபோது சாமான் சுற்றி வருகிற பேப்பரை விரித்து எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கு இருபத்தொரு பக்கம் பெரிதா, நான்கு நாளில் படித்து முடித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், ஒரு கரையில் கட்டுமுன் எதிர்க்கரைக்கு என்ன கேடு வரும் என்று பார்த்து, அங்கே இருக்கிற சனத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று. நான்காம் தடவை அதைக் கொண்டுபோய் அந்த அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, அம்மா எத்தனையாம் வகுப்பு படிச்சீங்க என்று கேட்டார். மூணாம் வகுப்பு சேர், ஆனா ஒன்பதாம் பக்கம் படிச்சிட்டேன், நீங்க படிச்சிட்டீங்களா என்றேன். பக்கத்து மேசையில் இருந்த நிஷாந்தி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைதான் வெளியே வந்து, மேன்முறையீடு என்று ஒன்று இருக்கு, கோடு தெரிஞ்சா ஏத்துக்குவாங்க என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனது.

அன்றைக்கு வந்த வேகத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து நம் சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர உதிர உள்ளே இருந்து பழுப்புக் கோடு அப்படியே வருகிறது. கழுவினதும் அடித்ததும் மேலோடுதான், சேறு சாந்துக்குள் இறங்கியிருக்கிறது. மற்ற வீடுகளிலும் சுரண்டச் சொன்னேன். ஜீவராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரியம்மா, அடிக்கச் சொன்னதும் நீங்க, சொரண்டச் சொல்றதும் நீங்க, எங்க செவுரு என்னா உங்களுக்கு சிலேட்டா என்று கேட்டாள். லயமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கேட்டது நியாயம்தானே, நம் வீட்டின் இரண்டாவது சுவரைச் சுரண்டப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து கத்தியைக் கேட்டாள். அவள் வீட்டில் கோடு எங்கே வந்தது தெரியுமா, பிள்ளையைத் தொட்டில் கட்டிப் போடுகிறாளே, அந்தத் தொட்டிலுக்கும் ஒரு சாண் மேலே. அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, காகிதத்தில் கையெழுத்துப் போட்ட ஒன்பது வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் அவரவர் சுவரை அவரவரே சுரண்டினார்கள். மக்பூல் நானாவின் மகன் ஹஸ்ஸான் அளவு நாடா பிடித்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து, லயம் முழுவதும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்தான்.

நீ பின்பக்கம் சமையல் கட்டு இறக்கி டைல்ஸ் போடலாம் என்று கேட்டிருந்தாய், வேண்டாம். இந்த லயத்தில் இனி ஒரு கல்லும் வைக்காதே, ஆற்றுக்குக் கொடுக்கிறதற்கு நீ தையல் மெஷினில் முதுகு ஒடிய வேண்டியதில்லை. அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், இதையேதான் மனுவிலும் எழுதியிருக்கிறேன். அந்த அதிகாரி திரும்ப வர வேண்டும், மழை பெய்கிற நாளில் வர வேண்டும், வந்து பன்னிரண்டு கோட்டையும் தன் கையாலேயே அளந்து, எழுதின பொய்யைத் தன் பேனாவாலேயே வெட்ட வேண்டும். நம் கரையைப் பார்க்கிற வரைக்கும் அக்கரைச் சுவரில் இன்னொரு கல் ஏறாமல் செயலாளர் நிறுத்த வேண்டும். தோட்டத்துத் துரை, அரசாங்கம் கேட்டால் தருவோம் என்று சொல்லிக்கொண்டிருக்காமல் மேல்மலைத் தரையைக் கொடுக்கச் சம்மதம் என்று கடிதத்தில் எழுதித் தர வேண்டும். அழகன் அந்தக் குறையில்லாக் காகிதங்களைத் திருப்பி வாங்கிக் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைவர் என்ற பேரை விட வேண்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறதால் இது ஆளில்லாத லயம் என்று அந்த அதிகாரியின் காகிதத்தில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்கள். அதனால் வாக்காளர் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். உன் பெயருக்கு நேராகப் போடு, அடையாள அட்டை நம்பரைச் சரி பார்த்து எழுது, அங்கே இருக்கிற நம் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் வாங்கு. அடுத்த மாதம் பத்தாம் திகதி அங்கிருந்து ஊருக்கு வருகிற ஷாமிலாவிடம் கொடுத்து விடு. மேன்முறையீடு பதிந்தாயிற்று, பதினெட்டாம் திகதி விசாரணை, மனுவைக் கொடுக்க நான் போகிறேன், அப்பாவும் வருகிறார்.

மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். பத்தாம் திகதியை மறக்காதே.

உன் அம்மா,
நல்லமுத்து மீனம்மா