பக்கம் மாறிய வெட்டு

2004 ஆகஸ்ட் 14, சனி

இரத்தினபுரியில் ஓவியக் கண்காட்சி. கொழும்பு ஓவியர் ஒருவர் தோட்டத்து வாழ்க்கையை வரைந்திருக்கிறார் என்று எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களை அழைத்திருந்தார்கள். நான் அம்மாவையும் கூட்டிப் போனேன். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள்.

பெரிய படத்தின் முன்னால்தான் கூட்டம். ஒரு பெண் கண்ணீரோடு பால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா அவளைப் பார்க்கவே இல்லை, மரத்தைப் பார்த்தாள்.

"வெட்டு பக்கம் மாறியிருக்கு புள்ள. இடது பக்கம் மேல தொடங்கி வலது பக்கம் எறங்கணும். இப்படி வெட்டுனா பாலு கொறையும். கங்காணி சும்மா விடுவாரா?"

ஓவியரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"அது முக்கியமில்ல டீச்சர். அந்த வேதனைதான் முக்கியம்."

மரத்தை ஒரு காலை நேரம் நின்று பார்க்காதவருக்கு, வெட்டுகிறவளின் வேதனை மட்டும் எப்படித் தெரிந்ததாம்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாசலில் இருந்த கருத்துப் புத்தகத்தில் எல்லோரையும் போல "அருமை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "நான் சொன்னத எழுதிட்டியா?" என்றாள்.

"எழுதிட்டேம்மா" என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம்.

கண்காட்சி நாளைக்கும் இருக்கிறது. முதல் பஸ்ஸில் போவேன். அந்த "அருமை"யை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுவேன். கீழே அவள் பெயரைத்தான் போடுவேன்.