அடுப்பை அணைத்தாயா

அன்புள்ள மேனேஜர் அம்மாவுக்கு,

வீட்டில் உன் கீழ் வேலை பார்க்கும் ஒரே ஆள் எழுதுவது. மாத்திரை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். தூக்கம் வருகிறது. இந்த மாத ரத்தப் பரிசோதனையும் முடிந்தது, லித்தியம் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கிறதாம். இதை முதலில் எழுதாவிட்டால் மீதியை நீ நிம்மதியாகப் படிக்கமாட்டாய். உன் அக்கா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டாரா? நான் விசாரித்ததாகச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என் குரல் கொஞ்சம் தடுமாறினாலே போதும், நீ பெட்டியைக் கட்டிவிடுவாய். அது தவிர, சொல்லப்போகிற விஷயம் நம் மகள் காதில் விழுந்தால் என்னால் அவளிடம் முகம் கொடுத்துப் பேச முடியாது. கையெழுத்தை உற்று உற்றுப் பார்க்காதே. வரிகள் நேராகத்தான் போகின்றன.

அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை நிரந்தரமானதை அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டாட, அவளோடு வேலை பார்க்கும் மூன்று பேர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வீடே கலகலவென்று ஆகிவிட்டது. உன் மகள் சோபா கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வண்டி ஓட்டப் பழக வந்த ஒரு பெரியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததையும், சொல்லித்தருகிறவருக்கென்று தன் பக்கம் இருக்கும் பிரேக்கின் மேல் இவள் ஏறி நின்றதையும் நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. சொந்தமாக ஒரு ஸ்கூல் தொடங்கப்போகிறாளாம், அதுவும் பயந்தாங்கொள்ளிகளுக்கு மட்டும். வண்டிக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட். பின்னால் பெரிய எழுத்தில், ‘இடிக்கமாட்டோம், ஆனால் தள்ளியே வாங்க’. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தேன். நம் சுவரோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் ஒரே மூச்சில் பெயின்ட் அடித்துவிட்டு வந்த நாளில், நானும் இப்படித்தானே பேசிக்கொண்டிருந்தேன்?

நம் வீட்டு வார்த்தை ஒன்று உண்டே. எனக்கு உற்சாகம் தலைக்கு ஏற ஆரம்பிக்கும்போது, வந்தவர்கள் எதிரில் என் மானம் போகாதபடி நீ சாதாரணமாகக் கேட்பாய், அடுப்பை அணைத்தாயிற்றா என்று. நானும் புரிந்துகொண்டு உள்ளே போய், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அமைதியாக உட்காருவேன். அந்த வார்த்தை எனக்கென்று நீ தைத்த சட்டை. அதை நான் அவளுக்கு மாட்டிவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும், “அடுப்ப அணைச்சிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து கேட்கிறவள் அல்லவா. கை பாதியில் நின்றது. கைப்பிடியிலிருந்து இறங்கி, ஒழுங்காக உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களில் ஒரு பெண் பாவம், சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அங்கிள், அடுப்பு எரியவே இல்லையே!” என்றாள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் குரலை இறக்கிப் பேசுகிறாள். டிவியில் ஏதாவது வேடிக்கையாக வந்தால் முதலில் என்னைப் பார்க்கிறாள், பிறகு பாதிச் சிரிப்பு சிரிக்கிறாள். சீக்கிரம் படுக்கப் போகிறாள், அதையும் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வலது கண்ணுக்கு வெட்ட வேண்டிய லென்ஸை இடது கண் அளவுக்கு வெட்டி வீணாக்கினேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன், நானும் வீட்டில் அதையே செய்துகொண்டிருப்பதால்.

டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, எனக்குத்தான் என்று சொன்னேன். உள்ளே போய் மகளைப் பற்றிக் கேட்டேன். பெற்றவர்களில் ஒருவருக்கு பைபோலார் என்ற இந்த மனநோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்தான், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். அவள் தூங்குகிறாளா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறாளா, சொன்னால் நிறுத்திக்கொள்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். “வேலை நிரந்தரமான சந்தோஷத்துல பொண்ணு நாலு வார்த்தை அதிகமா பேசியிருக்கா. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல சார்” என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்தேன்.

நேற்று சாப்பிடும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். நீ பிறப்பதற்கு முன்னாலேயே இந்தப் பயம் எனக்கு உண்டும்மா, உன் அம்மாதான் வருகிறபடி வரட்டும் என்று தைரியம் சொன்னாள் என்று ஏதேதோ உளறினேன். அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொன்னாள், அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறதாம். கூட வேலை பார்க்கிறவர்தானாம். என் நோயைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லிவிட்டாளாம், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் குழந்தை வேண்டாம் என்று இந்த வாரம்தான் அவரிடம் சொன்னாளாம்.

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். கையை நீட்டித் தடுத்தாள். “நோய் வந்துடும்னு பயம் இல்லப்பா. வந்தா மாத்திரை இருக்கு, நீங்க வாழலையா? நீங்க என்னைப் பாக்குற மாதிரி நானும் என் குழந்தையைப் பாத்துடுவேனோன்னுதான் பயமா இருக்கு” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

என் ரத்தத்தில் இருப்பது அவளுக்குப் போயிருந்தால் அது என் கையில் இல்லை என்று ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கண்ணால் கொடுத்ததற்கு என்ன சமாதானம் சொல்ல? வெட்கமாக இருக்கிறது. அவள் பிறந்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, அவளும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை சந்தோஷமாக இருந்தால் சந்தோஷப்படத் தெரியாத ஆளாகிவிட்டேனே, அதற்குத்தான்.

நீயும் இத்தனை வருஷமாக என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாய். ஒரு நாள்கூட நான் கூனிக் குறுகியதில்லை. அது எப்படி முடிந்தது உனக்கு? என்னையும் பார்த்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தாயே. எழுதி அனுப்பக்கூடிய விஷயம் இல்லை போலிருக்கிறது.

உன் அக்கா தனியாக நடக்க ஆரம்பித்ததும் அவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பி வா. நோய் எதுவும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, பதறாதே. இப்போது மகள் வேலை முடிந்து வருகிறாள். கீழே படியில் ஏதோ ஒரு பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே ஏறுகிறாள். தினமும் அப்படித்தான் வருகிறாள். நம் வாசல் வந்ததும் நிறுத்திவிட்டு, அதன் பிறகு மணியடிக்கிறாள்.

நீ நன்றாக இரு. அவளையும் நன்றாக இருக்க விடும் மனசு எனக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

உன் வீட்டுக்காரன்