இருநூறு பவுண்டு கூடுதல்

வெண்டெல்,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. டிரக் சாவி ஆணியில்.

நேற்று எடைமேடையில், அத்தனை டிரைவர்கள் முன்னால் கத்தினீர்களே: "நம்ம டிரக்கால இழுக்க முடியாது, டிரெய்லர் இருநூறு பவுண்டு கூட! ஒண்ணு உன் சாமான எறக்கு, இல்ல நீயே எறங்கிக்கோ!"

தையல் மெஷினையும் இரும்புச் சட்டிகளையும் இறக்கிவிட்டேன். அறுபது குறைந்தது. மிச்சம் நூற்று நாற்பது, என் எடை. ஒமாஹாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். டிரெய்லரிலேயே தங்கி நாம் சுற்றிப் பார்க்க இருந்த பாலைவனத்தை நீங்கள் தனியாகவே பாருங்கள்.

லொரீன்

பி.கு. டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பியிருக்கிறீர்கள். அதைத் திறந்துவிட்டால் முந்நூறு பவுண்டு குறையும். போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். நேற்றே சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவில்லை.

பஸ் நாலு மணிக்கு. அதுவரை நிலையத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.