மூன்றாவது முளை

ஜூலை 16, திங்கள். காலையிலிருந்து சாரல்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் பேனாவின் மூடி இன்று காலை ஏழேகால் மணிக்குக் கிணற்றில் விழுந்து காலமானது. வாரிசு இல்லை. சோளத்தட்டை செருகியிருக்கிறேன்.

மற்ற செய்தி. பள்ளி மைதானத்தில் மாங்கன்று நட, கணக்கு வாத்தியார் ஒரே நேர்கோட்டில் மூன்று முளை அடித்தார். ஆளுக்கு ஒரு குழி. மூன்றாவது முனிராஜுவுக்கு. வகுப்பில் என் பக்கத்து இடம், பேரிகை ஊர்க்காரன். அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த முளையைப் பிடுங்கி, இரண்டு கஜம் தள்ளி, கல்லுத்தரையில் அடித்துவிட்டேன். மதியம் வரை தோண்டினான். உள்ளங்கையில் நாலு கொப்புளம். வீட்டுக்குப் போகும் வழியில் அவனிடம் மட்டும் சொன்னேன். தெலுங்கில் திட்டினான். (விளையாட்டுக் கோபத்துக்குக் கன்னடம், நிஜக் கோபத்துக்குத் தெலுங்கு.) அப்புறம் சிரித்துவிட்டான். "போடா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

ஜூலை 17, செவ்வாய். வெயில். என் புகழ் நாள்.

வாத்தியார் குழிகளைப் பார்த்தார். "கண்ணுக்குக் கோணலாத் தெரியுது. கணக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்." மதில் மூலை பூஜ்யம். அங்கிருந்து கஜக் கணக்கில் முதல் குழி (4, 5), இரண்டாவது (10, 8), மூன்றாவது (16, 13). முதல் இரண்டின் வழியே போகும் கோட்டின் சமன்பாடு வேண்டும். கரும்பலகைக்கு நான். குறுக்கே ஆறு போனால் மேலே மூன்று. சாய்வு அரை. y = x/2 + 3. எழுதிய கையோடு, "மூணாவது குழி ரெண்டு கஜம் தள்ளிப் போச்சு சார்!" என்றேன். 16-ஐப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. வகுப்பே வாயைப் பிளந்தது. வாத்தியார் என்னையே பார்த்தார். பிறகு அவரே போட்டார். 11 வந்தது. இருப்பது 13.

மனக்கணக்கு மன்னன் நான்.

மாலை: கூப்பிட்டார். "முளையை நகத்தினது நீதானே?" என் காது அவர் கையில். புதுக் குழி நான் தோண்ட வேண்டும். மூன்று கன்றுக்கும் ஒரு மாதம் தண்ணீர்.

எப்படித் தெரிந்தது? விஷயம் தெரிந்தவன் ஒருவன்தான். குழி தோண்டியவன் எனக்கே குழி பறித்துவிட்டான்.

ஜூலை 18, புதன். மூட்டம்.

செய்ய வேண்டியவை:
1. மு.ரா.வுடன் பேச்சு கிடையாது.
2. அவன் கொடுத்த கோலி ஆறையும் திருப்பித் தருவது.
3. நாலு போதும்.

எல்லார் முன்னாலும், "காட்டிக் கொடுக்கிற பயல்!" என்றேன். அவன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான். போகும்போது, "கொஞ்சம் தள்ளுங்க" என்றான். சுத்தத் தமிழ். 'ங்க' வேறு. தெலுங்கிலேயே திட்டியிருக்கலாம்.

மூன்று வருட சிநேகிதம்.

ஜூலை 20, வெள்ளி. பேய்க்காற்று.

புதுக் குழி முடிந்தது. கொப்புளம் ஐந்து. அவனைவிட ஒன்று அதிகம். குடத்தோடு வரும்போது எதிரே மு.ரா. வழிமறித்தேன்.

"ஏன்டா சொன்னே?"

"நானா? நீதான்டா சொன்னே! பதினாறைப் போடறதுக்கு முன்னாலயே ரெண்டு கஜம்னு கத்தினது யாரு? வாத்தியாருக்கு அது போதாதா?"

தொடர்ந்து தெலுங்கு. நீளமாக.

குடத்தைக் கீழே வைத்தேன். கோட்டைக் கண்டுபிடித்துக் கோட்டை விட்டிருக்கிறேன். திங்களன்று எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். ஒத்திகையாக இங்கே: மனக்கணக்கு எதுவும் போடவில்லை. அந்த இரண்டு கஜம், முளையை நகர்த்தும்போது நானே காலால் அளந்தது.